பேச்சு வானொலியின் ஒரு நாள்

(நம் சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வானொலியைப் பற்றிச் சிறிது நேரம் பேசவேண்டுமென்று காரியதரிசி அவர்கள் எனக்குக் கட்டளையிட்டார்கள். வானொலி என்றவுடனே நம்மில் பெரும்பாலாருக்குச் சங்கீதமே நினைவுக்கு வரும். அது இயல்பே. கச்சேரி கேட்பதற்கென்றே ரேடியோப் பெட்டி வாங்கிய குடும்பங்கள் நம் சமூகத்தில் பல உண்டு. ஆயினும், இன்று நான் சங்கீதத்தை ஒரு புறம் ஒதுக்கிவைத்துவிட்டு, மனிதர் பேசும் பேச்சை மாத்திரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன். விடியற்காலை தொடங்கி நள்ளிரவு கழியும்வரையில், ஏறக்குறைய முழுவதும் பேச்சினாலேயே பொழுதை நிரப்பும் நிலையம் ஒன்று இங்கிலாந்தில் இருக்கிறது. பி.பி.சி. ஸ்தாபனத்தின் ‘ரேடியோ 4’ என்பது அதன் பெயர். அதனுடைய சாதாரண வாரநாள் ஒன்றை உங்களோடு சேர்ந்து ஒரு முறை சுற்றிப் பார்க்க விரும்புகிறேன்.

சொந்த ஊர் நிலையம் இருக்க, சீமையிலுள்ள நிலையம் நமக்கு எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். நம் நிலையங்களுக்கு அச்சு அங்கிருந்து வந்ததே அதற்குக் காரணம். இந்திய ஒலிபரப்பை ஒழுங்குசெய்வதற்காக 1935-ஆம் ஆண்டில் இங்கு வந்த லயனல் ஃபீல்டன் என்பவர் பி.பி.சி.யில் பேச்சுப் பகுதியில் வேலை பார்த்தவர். ‘ஆல் இந்தியா ரேடியோ’ என்ற பெயர் 1936-இல் அவர் காலத்திலேயே ஏற்பட்டது. சென்னை நிலையம் 1938 ஜூனிலும், திருச்சிராப்பள்ளி நிலையம் 1939 மேயிலும் தொடங்கப்பெற்றன. காலைச் செய்தி, உழவர்க்கான பேச்சு, மாதர் நிகழ்ச்சி, இரவு நாடகம் என்று ஒரு நாளைக் கூறுபோட்டு அமைக்கும் வழக்கம் நமக்கு வந்த வழி அதுவே. ஆதலின், மூலத்தைச் சற்றுப் பார்ப்பதில் தவறில்லை.

ரேடியோ 4 என்ற பெயர் 1967 செப்டம்பர் 30-ஆம் தேதி முதல் வழங்கி வருகிறது. அதற்கு முன் அதே நிலையம் ‘ஹோம் சர்வீஸ்’ என்ற பெயரோடு, இரண்டாவது உலக யுத்தம் மூண்ட 1939 செப்டம்பர் முதல் நடந்து வந்தது. அதில் விளம்பரம் கிடையாது. 1922-இல் ரேடியோ வைத்திருப்பவர் ஆண்டுக்குப் பத்து ஷில்லிங் லைசென்சுக் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. ரேடியோவுக்கென்று தனியாக வாங்கிய அந்தக் கட்டணம் 1971-இல் எடுபட்டது. இப்பொழுது தொலைக்காட்சி வைத்திருப்போர் கொடுக்கும் கட்டணத்திலிருந்தே வானொலியும் நடக்கிறது. இந்தக் கணக்கு விவரம் உங்களுக்கு உப்புச்சப்பற்றதாகத் தோன்றலாம். ஆனால் நான் சொல்ல வந்த விஷயம் முழுவதும் இதிலேதான் அடங்கியிருக்கிறது. பொருள் விற்பவன், வாங்குபவன் கேட்பதைத்தான் கடையில் வைப்பான். எல்லோரும் பொதுவில் பணம் போட்டு நடத்துகிற நிலையமோ, ஒருவர் கேட்காததையும் அவர் காதில் போடத் துணியும். கேட்பவர் தமக்கு வேண்டிய ஒன்றிற்காகப் பெட்டியைத் திறந்து, வேண்டுமென்று நினையாத மூன்றைக் கேட்டுவிட்டு எழுந்து போகிறார். பேச்சு வானொலியின் பயன்களில் இதையே நான் தலையாயதாகக் கருதுகிறேன்.

இனி நாளைத் தொடங்குவோம். பொழுது விடியுமுன், லண்டன் நகரத்துக் குமாஸ்தாவும் வியாபாரியும் இன்னும் உறங்கிக்கொண்டிருக்கையில், கப்பல்களுக்கான வானிலை அறிக்கை வாசிக்கப்படுகிறது. அதன்பின் ஐந்தே முக்கால் மணிக்கு உழவர் செய்தி. பால் விலை, ஆட்டு நோய், மழையில்லாமையால் விளைச்சலுக்கு வந்த கேடு, அரசாங்க மானியம் முதலியவை அதில் அடிபடும். இங்கிலாந்தில் நிலத்தை உழுது பிழைப்பவர் மிகச் சிலரே. எனினும் இதைக் கேட்பவர் அவர்கள் மாத்திரம் அல்லர். சீக்கிரம் கண் விழித்த முதியவர், இரவு வேலை முடிந்து வீடு திரும்பும் ஆஸ்பத்திரித் தாதி, லாரி ஓட்டுபவர் ஆகியோர் செவியிலும் அது விழுகிறது. தாம் குடிக்கும் பால் எங்கிருந்து, யாருடைய கஷ்டத்தில் வருகிறது என்பதை நகரத்தார் அறிந்துகொள்ள அந்தக் கால் மணி நேரம் உதவுகிறது.

ஆறு மணிக்குக் கிரீனிச் நேரத்தைக் காட்டும் ஆறு கீச்சொலிகள் கேட்கும். இவை 1924 முதல் ஒலித்து வருபவை. உடனே ‘டுடே’ என்னும் நடப்புச் செய்தி நிகழ்ச்சி ஆரம்பமாகி ஒன்பது மணிவரை நடைபெறும். 1957-இல் இது தொடங்கியபோது, காலை உணவு வேளைக்கு ஏற்ற இலேசான பேச்சுக் கதம்பமாகவே இருந்தது. நாளடைவில் ராஜீய விவகாரங்களின் சந்தி இதுவாகிவிட்டது. மந்திரிமார்களும் எதிர்க்கட்சித் தலைவர்களும் எட்டு மணி பத்து நிமிடத்துக்கு வந்து உட்கார்ந்து கேள்விகளுக்கு விடையளிப்பது வழக்கம். விடை சொல்லாமல் நழுவுகிறவரிடம் அதே கேள்வியை இரண்டு முறை, மூன்று முறை திருப்பிக் கேட்பார்கள். முகம் தெரியாதபடியால், நழுவுதல் குரலில் இன்னும் நன்றாகவே தெரிந்துவிடுகிறது. தொலைக்காட்சியில் புன்னகையால் மறைக்கக்கூடிய தடுமாற்றத்தை வானொலியில் மறைக்க வழியில்லை.

பிரிட்டிஷ் நீர்மூழ்கிக் கப்பல்களைப் பற்றி ஒரு செய்தி வெகுகாலமாக வழங்குகிறது. அணுகுண்டு தாங்கி ஆழ்கடலில் மறைந்திருக்கும் கப்பலின் தலைவர், தம் தேசம் அழிந்துவிட்டதோ என்று சந்தேகிக்க நேர்ந்தால், செய்யவேண்டிய சோதனைகளுள் ஒன்று, ரேடியோ 4 இன்னும் கேட்கிறதா என்று பார்ப்பதாம். ராணுவ ரகசியமாதலால் இதன் உண்மையை நாம் நேரே அறிய முடியாது. மெய்யோ பொய்யோ, அப்படி ஒரு பேச்சு எழுந்து நிலைத்ததே அந்த ஜனங்கள் நிலையத்தை எவ்விடத்தில் வைத்திருக்கிறார்கள் என்பதைக் காட்டும்.

இந்தக் காலை நிகழ்ச்சியில் நடந்த இரண்டு சம்பவங்களை விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

முதலாவது, 2003 மே 29-ஆம் தேதி நடந்தது. ஈராக் யுத்தம் தொடங்கிச் சில வாரங்களே ஆகியிருந்தன. ஈராக்கிடமுள்ள பேரழிவு ஆயுதங்களை நாற்பத்தைந்து நிமிடத்தில் பிரயோகிக்கக்கூடும் என்று அரசாங்கம் வெளியிட்ட அறிக்கையில் கண்டிருந்தது. அது தவறென்று அரசாங்கத்தாருக்கு அநேகமாய் முன்னமே தெரிந்திருக்கும் என்னும் கருத்துப்பட, ஆண்ட்ரூ கில்லிகன் என்ற நிருபர் காலை ஆறு மணி ஏழு நிமிட அளவில், எழுதிவைத்துக்கொள்ளாமல் வாய்மொழியாகச் சில வாக்கியங்கள் பேசிவிட்டார். அதிகாலையில் பேசிய அந்தச் சில வாக்கியங்களால் பெரும் பூகம்பம் விளைந்தது. செய்திக்கு மூலமாக இருந்தவரென்று பெயர் வெளிப்பட்ட ஆயுத நிபுணர் டேவிட் கெல்லி, ஜூலை மாதத்தில் இறந்து கிடந்தார். ஹட்டன் பிரபு நடத்திய விசாரணை, அக்குற்றச்சாட்டு ஆதாரமற்றதென்றும், பி.பி.சி.யின் மேற்பார்வை முறை குறையுடையதென்றும் 2004 ஜனவரியில் முடிவு கூறிற்று. ஸ்தாபனத்தின் தலைவரும் பிரதம நிர்வாகியும் பதவி துறந்தார்கள், நிருபரும் விலகினார். பின்னர் ஈராக்கில் அத்தகைய ஆயுதக் குவியல் எதுவும் அகப்படவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். யார் பக்கம் எவ்வளவு நியாயம் என்று அந்நாட்டில் இன்னும் வாதாடுவோர் உண்டு. என் கருத்தில், பேசியவர் சொன்ன விஷயத்தின் பெரும்பகுதி பேசத் தக்கதே. ‘தெரிந்தே செய்தார்கள்’ என்பது வேறு. ‘தவறு நேர்ந்தது’ என்பது வேறு. இரண்டுக்கும் நடுவிலுள்ள வேற்றுமை ஒரு சொல்லில் இருக்கிறது. அச்சிலே அந்தச் சொல்லை அடித்துவிட்டு வேறொன்று எழுதலாம். காற்றில் கலந்ததை யாரால் அடிக்க முடியும்?

இரண்டாவது, 2012 நவம்பர் 10-ஆம் தேதி நிகழ்ந்தது. தொலைக்காட்சிப் பகுதியின் நிகழ்ச்சி ஒன்றில், குற்றமற்ற ஒருவர்மீது பெரும்பழி விழும்படியான பிழை நேர்ந்துவிட்டது. அப்பொழுது பி.பி.சி.யின் பிரதம நிர்வாகியாக இருந்த ஜார்ஜ் என்ட்விஸ்ல் என்பவரை, அதே ஸ்தாபனத்தில் வேலைபார்க்கும் ஜான் ஹம்ஃப்ரிஸ் காலை நிகழ்ச்சியில் விசாரித்தார். ஊழியர் கேட்கிறார், முதலாளி விடை சொல்கிறார். ஒளிபரப்பாகும் முன்னர் அந்த நிகழ்ச்சியைப் பற்றித் தாங்கள் அறியவில்லையா? பத்திரிகையில் வந்ததைப் படிக்கவில்லையா? ஒருவரும் சொல்லவில்லையா? கேள்விகள் இந்தப் போக்கில் சென்றன. திருப்தியான சமாதானம் வரவில்லை. அன்று மாலையே அவர் ராஜிநாமா செய்தார். ஏற்றுக்கொண்டு இரண்டு மாதங்கூட ஆகாத பதவி அது. இதைப் பற்றி நான் நெடுநேரம் யோசித்ததுண்டு. நம் சஞ்சிகையில் வேலைபார்க்கும் உதவியாசிரியர் ஒருவர், சங்கத்தின் வரவுசெலவுக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு, நம் தலைவர் அவர்களை இதே மேடையில் அரைமணி நேரம் குறுக்கு விசாரணை செய்வதாகக் கற்பித்துப் பாருங்கள். (அக்கிராசனர் புன்னகை செய்கிறார், ஆதலால் அவருக்கு அச்சமில்லை என்று கொள்கிறேன்.) ஒரு ஸ்தாபனம் பிறரைக் கேள்வி கேட்கும் அருகதையைத் தன்னைக் கேட்டுக்கொள்வதாலேயே பெறுகிறது.

ஏழே முக்கால் மணியளவில், இந்த அமளிக்கு இடையே, மூன்று நிமிடத்துக்குள் அடங்கும் சமயப் பேச்சு ஒன்று வரும். கிறிஸ்தவர், இந்து, முஸ்லிம், சீக்கியர், யூதர், பௌத்தர் முதலியோர் முறை வைத்துப் பேசுவர். கடவுளை ஒப்பாதவருக்கு அதில் இடமில்லை என்று அவர்கள் பல ஆண்டுகளாகக் குறைகூறி வருகிறார்கள். அவர்கள் குறை நியாயமானதென்றே எனக்குத் தோன்றுகிறது.

ஒன்பது மணிக்குமேல் பொழுது சற்று நிதானமாகும். வியாழக்கிழமைகளில் ‘இன் அவர் டைம்’ என்று ஒரு நிகழ்ச்சி. 1998 முதல் 2025 வரை மெல்வின் பிராக் என்பவர் அதை நடத்தினார். சர்வகலாசாலைப் பண்டிதர் மூவரை எதிரில் உட்காரவைத்து, ஏதேனும் ஒரு விஷயத்தைப் பற்றிச் சாதாரண ஜனங்களுக்கு விளங்கும்படி பேசச் செய்வார். ஒரு வாரம் கிரேக்க தத்துவம், மறுவாரம் ஒரு நோயின் சரித்திரம், அதற்கடுத்த வாரம் கணித சாஸ்திரத்தில் ஒரு நுட்பம் என்று விஷயங்கள் மாறும். பட்டம் பெறாத தொழிலாளியும் வண்டியோட்டிக்கொண்டே அதைக் கேட்கிறார். பரீட்சைக்காக அன்றிப் படிப்பது எப்படி என்று நம் மாணவர்களுக்குக் காட்ட நான் இதையே சிபாரிசு செய்வேன்.

பத்து மணிக்கு ‘உமன்ஸ் அவர்’ என்னும் மாதர் நிகழ்ச்சி. 1946 அக்டோபர் 7-ஆம் தேதி இது தொடங்கியபோது, மாதரிடம் பேச நியமிக்கப்பட்டவர் ஓர் ஆண்மகன்! இங்கே சிரிக்கும் தாய்மார்களைப் போலவே அங்கும் பலர் சிரித்திருப்பார்கள். சில மாதங்களில் அது மாற்றப்பட்டது. சமையலும் தையலும் சொல்லிக்கொடுக்கவே ஏற்பட்ட நிகழ்ச்சி என்று முதலில் நினைத்தவர் உண்டு. ஆனால் சில ஆண்டுகளுக்குள்ளேயே, மாதவிடாய் நிற்கும் பருவத்தில் உடலுக்கு வரும் துன்பங்கள்போன்ற, வீட்டுக்குள்ளும் மெதுவாகவே பேசப்பட்டு வந்தவற்றை அது வெளிப்படையாகப் பேசிற்று.

பெண் குரலுக்கே அந்த ஸ்தாபனம் எளிதில் இடம் கொடுத்துவிடவில்லை என்பதையும் நினைவில் வைக்கவேண்டும். 1933-இல் ஷீலா பாரெட் என்ற அம்மையாரை அறிவிப்பாளராக அமர்த்திப் பார்த்தார்கள். எதிர்ப்புக் கடிதங்கள் குவிந்தன. பெண்களே பலர் எழுதினார்களாம். அவ்வாண்டுக்குள்ளேயே அவர் விலக்கப்பட்டார். குரலைப் பற்றிய இந்தப் பிடிவாதம் பெண்களோடும் நிற்கவில்லை. பி.பி.சி.யில் செய்தி வாசிப்போர் யாவரும் தென் இங்கிலாந்தின் படித்த மேல்வகுப்பார் உச்சரிப்பிலேயே வாசிக்கவேண்டும் என்பது எழுதாத விதியாக இருந்தது. 1941-இல், யுத்த காலத்தில், யார்க்‌ஷயர் பிரதேசத்தவரான வில்ஃப்ரெட் பிக்கிள்ஸ் தம் ஊர் உச்சரிப்போடு தேசத்துக்குச் செய்தி வாசித்தார். ஜெர்மானியர் அந்த உச்சரிப்பைப் போலியாகப் பேசி ஏமாற்ற முடியாது என்பது அரசாங்கத்தார் கொண்ட எண்ணம். வேடிக்கை என்னவென்றால், கேட்டவர் பலர் முகம் சுளித்தார்கள். கொச்சைக் குரலில் வரும் செய்தியை நம்ப முடியவில்லை என்றும் சிலர் சொன்னார்களாம். செய்தி அதே செய்தி! இன்று அந்நிலையத்தில் ஸ்காத்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து உச்சரிப்புக்களும், இந்திய, ஆப்பிரிக்க, கரீபிய வம்சத்தவர் குரல்களும் தாராளமாகக் கேட்கின்றன. எவருடைய பேச்சு காற்றில் ஏறத் தக்கது என்ற கேள்வி தமிழிலும் உண்டு. நெல்லைத் தமிழும் கொங்குத் தமிழும் நாடகத்தில் வேலைக்காரன் வாயிலும் நகைச்சுவைப் பாத்திரத்தின் வாயிலும் மாத்திரமே வரவேண்டுமென்று வைத்திருந்த காலத்தை நம் முதியோர் அறிவார்கள். நம் பாட்டிமார் பேசிய சொற்களில் எத்தனை அதனாலேயே நமக்கு வெட்கமாகத் தோன்றின!

மத்தியானம் ஒரு மணிக்குச் செய்தியும் அதன் விளக்கமும். அதை விட்டுவிட்டு நாடகத்துக்குச் செல்வோம்.

இரண்டே கால் மணிக்கு முக்கால் மணி நேர நாடகம் ஒன்று நடைபெறும். வானொலிக்கென்றே எழுதிய நாடகம் அந்நாட்டில் முதன்முதலாக 1924 ஜனவரியில் ஒலிபரப்பாயிற்று. ரிச்சர்ட் ஹ்யூஸ் என்ற இளைஞர் எழுதியது அது. வேல்ஸ் நாட்டு நிலக்கரிச் சுரங்கத்துள் விளக்கு அணைந்து இருளில் அகப்பட்டுக்கொண்ட மூவரைப் பற்றியது. எவ்வளவு புத்திசாலித்தனம் பாருங்கள்! கண்ணுக்கு ஒன்றும் காட்ட முடியாது என்பது வானொலியின் குறையென்று பிறர் எண்ணியிருக்க, கண் தெரியாத இடத்திலேயே அவர் கதையை வைத்துவிட்டார். வீடுகளில் விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள் என்றும் சொல்லப்பட்டது. அரங்கத்தில் பார்ப்பவனுக்குத் திரைச்சீலையில் தீட்டிய மலைதான் மலை. வானொலியில் கேட்பவனோ தன் ஊர் மலையையே மனத்தில் எழுப்பிக்கொள்கிறான். தேங்காய்ச் சிரட்டை இரண்டைத் தட்டினால் குதிரை ஓடும். கண் பார்வை இல்லாதவருக்கும் உள்ளவருக்கும் வேற்றுமை சிறிதுமற்ற நாடகசாலை இது ஒன்றே. பார்வையற்றோருக்கென ‘இன் டச்’ என்ற நிகழ்ச்சியையும் அந்நிலையத்தார் 1961 முதல் நடத்தி வருகிறார்கள்.

தனி நாடகங்களைக் காட்டிலும் ஜனங்களைக் கட்டிப்போட்டது ‘தி ஆர்ச்சர்ஸ்’ என்ற தொடர்நாடகம். மாலை ஏழு மணிக்கு நடக்கும். ஆம்பிரிட்ஜ் என்னும் கற்பனைக் கிராமத்து உழவர் குடும்பங்களின் கதை. 1950-இல் சோதனையாகச் சில பாகங்கள் நடத்திப் பார்த்து, 1951 ஜனவரி முதல் தேதி தேசம் முழுவதற்கும் ஒலிபரப்பலாயினர். இன்றுவரை நடந்துகொண்டிருக்கிறது. எந்தக் கதையும் எழுபது ஆண்டுக்குமேல் ஓடுவதற்கு ஒரு காரணம் இருக்கவேண்டும் அல்லவா? அக்காலத்தில் இங்கிலாந்தில் உணவுப் பங்கீடு அமலில் இருந்தது. விளைச்சலைப் பெருக்கும் புதிய முறைகளைச் சிறு உழவர்களுக்குச் சொல்லவேண்டியிருந்தது. பிரசங்கம் செய்தால் யார் கேட்பார்கள்? ஆகவே, உழவுத் துறை அதிகாரிகளோடு கலந்து, காட்ஃப்ரி பேஸ்லி என்பவர் கதையாகச் சொல்ல வழி கண்டார். தகப்பனும் மகனும் உரத்தைப் பற்றி வாதாடுவார்கள். நடுவே மகளின் கல்யாணப் பேச்சு வரும். கல்யாணத்துக்காகக் கேட்டவர் உரத்தையும் கேட்டார்.

இதற்கு நம் நாட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. 1960-களில் ஆடுதுறை 27 என்ற புதிய நெல் விதை வந்தபோது, திருச்சி வானொலியின் பண்ணை ஒலிபரப்பு அதைப் பற்றி விடாமல் எடுத்துச் சொல்லிற்று. தஞ்சாவூர் ஜில்லாவில் உழவர்கள் அந்த நெல்லுக்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஒரு நிலையத்தாருக்கு இதைவிட மேலான பட்டம் யார் கொடுக்க முடியும்?

ஆர்ச்சர்ஸ் கதைக்குத் திரும்புவோம். 1955 செப்டம்பர் 22-ஆம் தேதி, வியாபார முறையில் நடக்கும் தொலைக்காட்சி அந்நாட்டில் தொடங்கிய அதே இரவு, கதையில் புதிதாக மணமான கிரேஸ் என்ற பெண், தீப்பற்றிய லாயத்திலிருந்து குதிரையைக் காக்கப் போய் மாண்டாள். ஜனங்கள் சொந்த வீட்டில் சாவு நேர்ந்ததுபோல் துக்கித்தார்கள். போட்டியாளரின் முதல் நாள் புகழை அடிப்பதற்கே அவளைக் கொன்றார்கள் என்ற பேச்சும் எழுந்தது.

பிற்காலத்துக் கதை ஒன்று நம் குடும்பங்கள் அறியத் தக்கது. ஹெலன் என்ற பெண் ராப் என்பவனை மணக்கிறாள். அவன் அடிப்பவனாகத் தோன்றவில்லை. இனிமையாகப் பேசுவான். அவள் உடுத்தும் உடை சரியில்லை என்பான். சமையல் சரியில்லை என்பான். தோழியர் அவளுக்கு ஆகாதவர் என்பான். உனக்கு மறதி அதிகமாகிவிட்டது, உடம்பு சரியில்லை என்று அவளையே நம்பச் செய்வான். ஊரார் அவனை நல்லவனென்று மெச்சுவார்கள். 2013 முதல் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் இதைச் சொட்டுச் சொட்டாக நடத்தினார்கள். மேடை நாடகம் இரண்டு மணியில் முடியவேண்டும். சினிமாவுக்கு மூன்று மணி. அன்றாடம் பதின்மூன்று நிமிடமாக ஆண்டுக்கணக்கில் ஓடும் கதையில் மாத்திரமே இத்தகைய கொடுமை வளரும் வேகத்தை உள்ளபடி காட்ட முடியும். பலர் பொறுக்கமாட்டாமல் நிறுத்துங்கள் என்று எழுதினார்கள். இப்படி மனைவியை ஆட்டிப்படைத்து அடக்குவதைத் தனிக் குற்றமாக்கும் சட்டம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2015 டிசம்பரில் அமலுக்கு வந்தது. 2016 ஏப்ரலில், கதையில் அவள் அவனைக் கத்தியால் குத்திவிட்டாள். செப்டம்பரில் விசாரணை நடந்து விடுதலையானாள். இதற்கிடையில், கேட்போரில் ஒருவர் தொடங்கிய நிதியில், இத்தகைய பெண்களுக்குப் புகலிடம் தரும் ஸ்தாபனத்துக்காக ஒரு லட்சம் பவுனுக்குமேல் சேர்ந்தது. இல்லாத பெண்ணுக்காக இருக்கும் பெண்களுக்குப் பணம் வந்தது! தன் வீட்டில் நடப்பதற்கும் ஒரு பெயர் உண்டு என்பதை அந்தக் கதையைக் கேட்டே அறிந்ததாகச் சொன்ன பெண்களும் உண்டு. சம்பந்தம் பேசும்போது குலம், கோத்திரம், உத்தியோகம் யாவற்றையும் துருவி விசாரிக்கிற நாம், கலியாணத்துக்குப் பின் பெண்ணின் குரல் மாறியிருக்கிறதா என்று விசாரிப்பதில்லை.

மாலை ஆறு மணிக்குப் பார்லிமெண்டுக் கட்டடத்துப் பெரிய மணியின் ஓசையோடு முக்கியச் செய்திகள். ஆறரைக்கு நகைச்சுவை. அதன் சுவையில் பாதி அந்நாட்டார்க்கே உரியது, நமக்கு எட்டாது. இரவு பத்து மணிக்கு உலகச் செய்தி, பிறகு கால்மணி நேரம் ஒரு நாவலிலிருந்து வாசித்தல்.

பதினொன்றரைக்கு, சபை கூடும் நாட்களில், அன்று பார்லிமெண்டில் நடந்தவற்றின் சுருக்கம். இது 1945 முதல் நடக்கிறது. ஆனால் உறுப்பினர்களின் சொந்தக் குரலையே நிரந்தரமாக ஒலிபரப்ப 1978 ஏப்ரலில்தான் அனுமதி கிடைத்தது. அதற்கும் முன்னால், இரண்டு வாரத்துக்குள் சபையில் விவாதத்துக்கு வரவிருக்கும் எந்த விஷயத்தையும் வானொலியில் விவாதிக்கக்கூடாது என்று ஒரு விதி 1956 வரை இருந்தது. ஜனப்பிரதிநிதிகள் பேசுமுன் ஜனங்கள் பேசிவிடக்கூடாதாம்!

இவ்வளவு புகழ்ந்ததால், அந்நிலையத்துக்குக் குறை இல்லையென்று எண்ணவேண்டாம். கேட்போரில் பெரும்பாலார் நடுவயது கடந்த, வசதியுள்ள வகுப்பார். லண்டனில் இருமினால் தேசத்துக்கே ஜலதோஷம் என்று பேசும் குணம் அதற்கு உண்டு. இவற்றைவிடப் பெரிய அபாயம் புதிதாக வந்திருக்கிறது. 2018-இல் பி.பி.சி.யார், நிகழ்ச்சிகளைத் தனித்தனியே வேண்டியபோது கைப்பேசியில் எடுத்துக் கேட்க வசதி செய்தார்கள். நாடகப் பிரியர் நாடகத்தை மாத்திரம் எடுக்கிறார்; ராஜீயப் பிரியர் தம் கட்சியார் பேசியதை மாத்திரம் எடுக்கிறார். உழவர் செய்தியை யார் தேடி எடுப்பார்? வசதி உண்மையானதே; வேலைக்குப் போகிறவர் வேறென்ன செய்வார்? ஆயினும், நான் ஆரம்பத்தில் சொன்ன பயன், வேண்டாததையும் கேட்கும் பயன், இதில் கைநழுவுகிறது.

இதை நம் சங்கத்தாரிடம் சொல்ல எனக்குத் தனிக் காரணம் இருக்கிறது. நம் சஞ்சிகையை நான் ஆவலோடு படிப்பவன். நம்மவர் வீட்டுத் திருமணம், நம் மாணவர் பரீட்சையில் தேறியது, நம் பெரியோர் மறைவு ஆகியவை அதில் வருகின்றன. மாதத்துக்கு ஒரு முறை நம்மவர் செய்தியை நாம் படித்துக்கொள்வதில் குற்றமொன்றும் இல்லை. ஆனால் இப்பொழுது நம் கைப்பேசியில் நாள் முழுவதும், நிமிடத்துக்கு நிமிடம், நம்மவர் நம்மவருக்கு அனுப்பும் செய்தியே வந்துகொண்டிருக்கிறது. மற்றச் சமூகத்தாரின் கைகளிலும் அவ்வாறே. பக்கத்துத் தெருவில் இருப்பவர் என்ன தொழில் செய்கிறார், எதற்காக அழுகிறார், எதைக் கேட்டுச் சிரிக்கிறார் என்பது நமக்கு வருவதில்லை. வந்தாலும், அவர்மீது நமக்குக் கோபம் மூட்டுவதற்கென்று எவரோ கத்தரித்த துண்டாகவே வருகிறது. ஒரே காற்றில் எல்லோர் குரலும் முறை வைத்து வருகிற ஏற்பாடு கலைந்தால், இழப்பு சிறுபான்மையான சமூகங்களுக்கே அதிகம். நம்மைப் பற்றி நாமே பேசிக்கொள்ள நமக்கு வாய் உண்டு. பிறர் நம்மைக் கேட்பதற்கு ஒரு பொது இடம் வேண்டுமல்லவா?

ரேடியோ 4-ஐ இணையத்தின் வழியே இங்கிருந்தும் கேட்கலாம். அங்கே காலை ஆறு மணி என்பது நமக்குக் கோடையில் பத்தரை, குளிர்காலத்தில் பதினொன்றரை. ஆங்கிலம் கற்கும் நம் பிள்ளைகள் ஒரு வாரம், எந்த நிகழ்ச்சி என்று பாராமல், அந்த வேளையில் அரைமணி நேரம் கேட்டுவரட்டும். நம் திருச்சி, சென்னை, மதுரை நிலையங்களையும் அவ்வாறே முதியோரோடு உட்கார்ந்து கேட்கட்டும்.

நாள் முடியும் கட்டத்துக்கு வந்துவிட்டோம். நள்ளிரவுச் செய்திக்குப் பின், ஏறக்குறைய முக்கால் மணியில், ரொனால்ட் பிஞ் 1963-இல் அமைத்த மெல்லிய இசை ஒன்று ஒலிக்கும். தொடர்ந்து மறுபடியும் கப்பல்களுக்கான வானிலை அறிக்கை. பிரிட்டிஷ் தீவுகளைச் சுற்றிய கடலை 31 பகுதிகளாகப் பிரித்து, வைக்கிங், ஃபார்ட்டீஸ், டாகர் என்று பெயர் சொல்லி, ஒவ்வொன்றிலும் காற்றின் திசை, வேகம், மழை, பார்வைத் தூரம் இவற்றை நிதானமாக வாசிப்பார்கள். ஒரு பகுதிக்கு 2002-இல், வானிலை இலாகாவைத் தோற்றுவித்த ஃபிட்ஸ்ராய் என்ற கடற்படைத் தலைவர் பெயரை இட்டார்கள். கப்பலில் இருப்பவர் குறித்துக்கொள்ளவேண்டுமாதலால் சொல் வீண்போகாது. படகைக் கண்ணால் காணாத ஆயிரக்கணக்கான பேர் படுக்கையில் கிடந்தபடி இதைக் கேட்டு உறங்குகிறார்கள். நம் கடற்கரை நிலையங்களும் மீனவர்க்கென வானிலை அறிக்கை வாசிப்பதுண்டு. நம்மில் எத்தனை பேர் அதைச் செவிகொடுத்துக் கேட்டிருப்போம்?

அறிக்கை முடிந்ததும் ராஜகீதம். ஒரு மணிக்குக் கீச்சொலிகள். அதன்பின் விடியும்வரை அந்த அலையில் பி.பி.சி.யின் உலக சேவை ஆங்கிலத்தில் ஒலிக்கும். அந்த உலக சேவையில் 1941 மே மாதத்தில் தமிழும் ஏறிற்று. ‘தமிழோசை’ என்று அதற்குப் பெயரிட்டவர் ஈழத்தவரான சோ. சிவபாதசுந்தரம், ஒலிபரப்புக் கலையைப் பற்றித் தமிழில் நூல் எழுதியவர். யாழ்ப்பாணத்திலும் திருநெல்வேலியிலும் இரவு வேளையில் பெட்டியருகே குடும்பமாக உட்கார்ந்து அதைக் கேட்டவர் பலர் இந்தச் சபையிலும் இருப்பீர்கள். 2017 ஏப்ரல் 30-ஆம் தேதியோடு அந்த வானொலி ஒலிபரப்பு நின்றுவிட்டது. தமிழ்ப் பகுதியார் இணையத்தில் எழுத்தாகவும் காணொளியாகவும் செய்தி தந்து வருகிறார்கள். அதைத் திறந்து, வேண்டியதைப் பார்த்துக்கொள்ளலாம்.